ஒன்றரை ஷிப்டுக்கு ஒரு வயிறு

காலை எட்டரைக்கு மிஷினில் உட்கார்ந்து இரவு எட்டரைக்கு எழுந்திருப்பவருக்காக எழுதிய அத்தியாயம் இது. பவர் டேபிள் டெய்லர், ஓவர்லாக், செக்கிங், அயர்னிங், பேக்கிங், கைமடிக்கும் பிள்ளைகள், நிட்டிங்கிலும் சாயப்பட்டறையிலும் ராத்திரி ஷிப்ட் பார்ப்பவர்கள் என எல்லாருக்கும் பொருந்தும். வேலை பார்ப்பது திருப்பூர் அவிநாசி ரோடாக இருக்கலாம், முதலிபாளையம் சிட்கோவாக இருக்கலாம், பல்லடம் பக்கமாகவும் இருக்கலாம். வயிறு கேட்பது எல்லா இடத்திலும் ஒன்றைத்தான்.

என்ன சாப்பிடலாம் என்று சொல்ல ஊரில் ஆள் நிறைய உண்டு. எப்போது சாப்பிடுவது என்பதைக் கம்பெனி மணி முடிவு செய்துவிடுகிறது. ஆனால் செரிமானத்துக்கும் ஒரு கால அட்டவணை இருக்கிறது. ஷிப்டை மாற்ற உங்களால் முடியாமல் போகலாம். ஷிப்டுக்குள் எந்த உணவு எந்த நேரத்தில் வயிற்றுக்குள் போகிறது என்பதை மாற்ற முடியும். அதற்கான வழிதான் கீழே வருகிறது.

தொடங்கும் முன்: சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், வயிற்றில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் சாப்பாட்டு நேரத்தைத் தாங்களாக மாற்ற வேண்டாம். இந்த அத்தியாயத்தை மருத்துவரிடம் காட்டிக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

## உள்ளே எவ்வளவு நேரம் ஆகிறது?

வாய். ஒரு கவளத்துக்கு அரை நிமிடம் கொடுத்தால் போதும், ஆனால் அந்த அரை நிமிடத்தைக் கொடுக்க வேண்டும். எச்சிலில் இருக்கும் அமைலேஸ் என்ற நொதி சோற்றிலும் இட்லியிலும் உள்ள மாவுச்சத்தை இங்கேயே உடைக்கத் தொடங்குகிறது. கட்டிங் கோணலாக வந்தால் டெய்லர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தும் பீஸ் சரியாக வராது அல்லவா? மெல்லாமல் விழுங்கிய சோறு இரைப்பைக்குப் போய்ச் சேரும் கதையும் அதுதான்.

இரைப்பை. சாதாரணச் சாப்பாடு 2 முதல் 4 மணி நேரம் இங்கே இருக்கும். ஹைட்ரோகுளோரிக் அமிலமும் பெப்சினும் சேர்ந்து பருப்பு, முட்டை, கறியில் உள்ள புரதத்தை உடைக்கின்றன. தண்ணீர் சீக்கிரம் இறங்கிவிடும். எண்ணெயும் கொழுப்பும்தான் தாமதமாக இறங்கும்.

சிறுகுடல். ஏறக்குறைய 6 மீட்டர் நீளம். 3 முதல் 5 மணி நேரம் ஆகும். கணைய நீரும் பித்த நீரும் வந்து சேர்வது இங்கேதான். உணவில் உள்ள சத்தில் பெரும்பகுதியை உடம்பு எடுத்துக்கொள்வதும் இங்கேதான். சுவரில் உள்ள நுண்ணிய குடலுறிஞ்சிகள் வழியாகச் சர்க்கரையும் அமினோ அமிலங்களும் ரத்தத்தில் கலந்து முதலில் கல்லீரலுக்குப் போகின்றன. கொழுப்பு நிணநீர் வழியாகச் சுற்றிப் போகிறது.

பெருங்குடல். ஒன்றரை மீட்டர்தான் நீளம், ஆனால் ஒரு நாளும் ஆகலாம், இரண்டு நாளும் ஆகலாம். மிச்சத் தண்ணீரை உறிஞ்சுவதும், நார்ச்சத்தை அங்குள்ள பாக்டீரியாக்களுக்குத் தீனியாகக் கொடுப்பதும் இதன் வேலை.

இந்த நேரக் கணக்கை மனிதன் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்ட வரலாறு ஒன்று உண்டு. 1822 இல் வட அமெரிக்காவில் அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற தொழிலாளியின் வயிற்றில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்தது. உயிர் பிழைத்தார், இரைப்பையில் விழுந்த ஓட்டை மட்டும் மூடவில்லை. அவருக்குச் சிகிச்சை செய்த ராணுவ மருத்துவர் வில்லியம் பியூமாண்ட், உணவுத் துண்டுகளைப் பட்டு நூலில் கட்டி அந்த ஓட்டை வழியே இறக்கி, வெளியே இழுத்து, எது எவ்வளவு நேரத்தில் கரைகிறது என்று குறித்துவைத்தார். வேகவைத்த அரிசிக்கு 1 மணி நேரம் என்றும், கொழுப்போடு சுட்ட பன்றிக்கறிக்கு 5 மணி நேரத்துக்கு மேல் என்றும் 1833 இல் வெளிவந்த அவருடைய நூலில் பட்டியல் இருக்கிறது. செயின்ட் மார்ட்டின் கோபமாக இருந்த நேரங்களில் செரிமானம் தடைபட்டதையும் பியூமாண்ட் கவனித்தார். சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கிய கையோடு சாப்பாட்டுப் போசியைத் திறப்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்: இரண்டு நிமிடம் தண்ணீர் குடித்து, மூச்சை விட்டு, பிறகு கையை வையுங்கள்.

## பகல் ஷிப்டுக்கான அட்டவணை

### 1. கிளம்பும் முன் (6.30 – 7.45)

1. எழுந்ததும் ஒரு பெரிய டம்ளர் தண்ணீர் குடியுங்கள்.
2. வெறும் டீ, வர்க்கியோடு கிளம்பாதீர்கள். டீயில் உள்ள காஃபீன் அமிலச் சுரப்பைத் தூண்டும். உடைப்பதற்கு உள்ளே ஒன்றும் இல்லாதபோது அமிலம் மட்டும் வந்தால் பதினோரு மணிக்குள் நெஞ்சு எரியும்.
3. மாவுச்சத்தோடு ஒரு புரதம் இருக்கட்டும். இட்லிக்குத் தண்ணீர்ச் சட்னி மட்டும் போதாது. பருப்பு போட்ட சாம்பாரோ ஒரு முட்டையோ சேருங்கள். கம்மங்கூழோ ராகிக்களியோ கிடைக்கிற வீடுகள் கொடுத்து வைத்தவை. அந்த நார்ச்சத்து பகல் முழுக்க உதவும்.
4. சாப்பிட்டு முடித்ததும் கால் மணி நேரம் ஒதுக்குங்கள். இரைப்பை நிறைந்ததும் பெருங்குடல் அசையத் தொடங்குவது உடம்பின் இயல்பு. மலம் கழிக்க ஏற்ற நேரம் அதுதான். கம்பெனி வேனைப் பிடிக்கும் அவசரத்தில் தினமும் அடக்கிக்கொண்டு போனால், நாளடைவில் அந்த உணர்வே மங்கிவிடும்.

### 2. பதினோரு மணி டீ

கம்பெனி வாசலில் டீ, போண்டா, பஜ்ஜி, பப்ஸ். கை தானாகப் போகும். இரண்டு போண்டாவின் எண்ணெய் இரைப்பையை விட்டு இறங்கும் முன்பே ஒரு மணிக்கு மதியச் சாப்பாடு மேலே வந்து விழுகிறது. "மத்தியானம் சாப்பிட்டா ஒரே உப்புசம்" என்று சொல்பவர்கள் முதலில் சந்தேகப்பட வேண்டியது போண்டாவைத்தான்.

அதற்குப் பதிலாக ஒரு வாழைப்பழம், ஒரு கடலை மிட்டாய், அல்லது வீட்டிலிருந்து எடுத்துவந்த ஒரு கைப்பிடி வேகவைத்த தட்டப்பயறு போதும். டீ வேண்டுமென்றால் இந்த நேரத்திலேயே குடித்துவிடுங்கள். ஏன் என்பது இரும்புச்சத்துப் பகுதியில் வருகிறது.

### 3. மதியம்: போசியைக் கட்டும் விதம்

மதியச் சாப்பாட்டில் வரும் சிக்கலில் பாதி, காலை ஐந்து மணிக்கு அடுப்படியிலேயே தொடங்கிவிடுகிறது. ஆவி பறக்கும் சோற்றைத் தூக்குப்போசியில் அடைத்து இறுக மூடி, ஏப்ரல் வெயிலில் தகரக் கூரைக்கு அடியில் எட்டு மணி நேரம் வைத்தால், பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவுக்கு அது நல்ல வசதி. அரிசி வெந்த பிறகும் அந்தப் பாக்டீரியாவின் வித்துகள் உயிரோடு இருக்கும். வெதுவெதுப்பில் பெருகி நஞ்சை உண்டாக்கும். வாந்தி உண்டாக்கும் அந்த நஞ்சு மறுபடி சூடு பண்ணினாலும் அழியாது.

1. சோற்றை அகலமான தட்டில் பரப்பி, சூடு ஆறிய பிறகு போசியில் போடுங்கள். குழம்பைத் தனி அடுக்கில் வையுங்கள்.
2. தயிர்ச்சோறு என்றால் நன்கு ஆறிய சோற்றில் தயிரைக் கலந்து, சற்றுத் தளர்வாகப் பிசையுங்கள்.
3. போசியை ஜன்னலோரத்திலோ அயர்ன் டேபிள் பக்கத்திலோ வைக்க வேண்டாம். நிழலும் காற்றும் உள்ள மூலையில் வையுங்கள்.
4. சாப்பிடும் முன் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். பஞ்சும் மிஷின் எண்ணெயும் பச்சைத் தண்ணீருக்குப் போகாது.
5. குறைந்தது 20 நிமிடம் உட்கார்ந்து சாப்பிடுங்கள். "போதும்" என்ற செய்தி குடலிலிருந்து மூளைக்குப் போய்ச் சேர ஏறக்குறைய அவ்வளவு நேரம் ஆகிறது. ஐந்து நிமிடத்தில் அள்ளிப் போட்டால் அளவு மீறும்.
6. மிஞ்சியதை இரவுக்கு என்று மூடி வைக்காதீர்கள்.

குறிப்பு: பழைய சோறு நல்ல உணவுதான். முந்தின இரவு ஆறிய சோற்றில் கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரை மூழ்க ஊற்றி, மூடி, காலையிலேயே சாப்பிட்டுவிட வேண்டும். கொழகொழப்போ கெட்ட வாடையோ வந்தால் கொட்டிவிடுங்கள். மதியத்துக்குப் போசியில் கொண்டுபோகும் உணவல்ல அது.

தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, இடையில் குறைந்தது அரை மணி நேர ஓய்வு தர வேண்டும் என்பது 1948 ஆம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டத்தின் 55 ஆம் பிரிவிலேயே எழுதப்பட்டிருந்த விதி. பீஸ் ரேட்டில் தைப்பவர்கள் இந்த அரை மணியைத் தாங்களாகவே பத்து நிமிடமாகச் சுருக்கிக்கொள்வது எனக்குத் தாங்க முடியாத வருத்தம். பத்துப் பீஸ் கூடுதலாக வரும், உண்மைதான். அடுத்த இரண்டு மணி நேரம் மந்தமாகத் தைக்கும்போது அதே பத்துப் பீஸ் போய்விடுகிறது என்பதையும் ஒரு வாரம் எண்ணிப் பாருங்கள்.

### 4. மாலை ஐந்தரை: எல்லாரும் தவறவிடும் படி

இந்த அத்தியாயத்திலிருந்து ஒரே ஒரு மாற்றத்தைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

ஒரு மணிக்குச் சாப்பிட்டது ஐந்து மணிக்குள் இரைப்பையை விட்டு இறங்கிவிடும். ஒரு ஷிப்ட் ஐந்தரைக்கு முடிகிறது. அடுத்த அரை ஷிப்டுக்கு டீயும் பன்னும் மட்டும். எட்டரைக்கு முடித்து, லைன் வீட்டுக்குப் போய், அடுப்பு மூட்டி, சாப்பிட உட்காரும்போது மணி ஒன்பதரை, பத்து. எட்டு, ஒன்பது மணி நேரம் காய்ந்த வயிறு. அதன் மேல் நாளின் மிகப் பெரிய சாப்பாடு. அடுத்த அரை மணியில் பாய். இரைப்பை நிறைந்திருக்க, உடம்பு படுத்துக்கொண்டால் அமிலம் உணவுக் குழாய்க்கு ஏறுகிறது. எதுக்களிப்பு, விடியற்காலை இருமல், வாயில் புளிப்பு எல்லாம் அதிலிருந்துதான்.

செய்ய வேண்டியது:

1. இரவுச் சாப்பாட்டை இரண்டாகப் பிரியுங்கள். பாதியை மாலை இடைவேளைக்குக் கொண்டுவாருங்கள்.
2. காலையிலேயே இதற்கென ஒரு சின்ன டப்பா கட்டுங்கள். வெயில் காலத்தில் எளிதில் கெடாதது வேண்டும்: சப்பாத்தி, பொட்டுக்கடலை உருண்டை, வறுத்த நிலக்கடலை. குழம்புச் சோறு வேண்டாம்.
3. சமைக்க ஆளில்லாமல் தனியாகத் தங்கியிருப்பவர்கள் கடையில் சுண்டலோ இரண்டு இட்லியோ வாங்கிக்கொள்ளுங்கள். போண்டாவுக்கு ஆகும் காசு இதற்கும் போதும்.
4. ஒரு வாரம் விடாமல் செய்யுங்கள். முதல் இரண்டு நாள் இரவில் பசி குறைந்ததுபோலத் தோன்றும். தோன்ற வேண்டும், அதற்காகத்தான் இது.

### 5. இரவு

மிச்சப் பாதியை இப்போது சாப்பிடுங்கள். ரசச்சோறு, இட்லி, இடியாப்பம் போன்றவை சீக்கிரம் இறங்கும். கொள்ளு ரசம் நல்லது. புரோட்டா, வறுவல் இந்த நேரத்துக்கு ஒத்துவராது.

சாப்பிட்டு இரண்டு மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கச் சொல்வது மருத்துவ முறை. மறுநாள் ஆறு மணிக்கு எழ வேண்டியவருக்கு அது நடக்காத காரியம். அதனால் அளவைக் குறைத்து, சாப்பிட்டதும் பாத்திரம் கழுவுவது, நாளைக்குத் துணி எடுத்து வைப்பது என்று நிமிர்ந்தபடி நடமாடுங்கள். இடது பக்கமாகச் சாய்ந்து படுத்தால் அமிலம் மேலே ஏறுவது குறையும். கட்டில் இருந்தால் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் அரையடி உயரத்துக்குச் செங்கல் வையுங்கள். தலையணையை மட்டும் அடுக்கினால் வயிறு மடங்கி எதிர்விளைவுதான் வரும்.

சனிக்கிழமை: சம்பள நாள். வாரம் முழுக்க ஒழுங்காக இருந்த வயிற்றில் இரவு பதினொரு மணிக்குப் புரோட்டா, சில்லி சிக்கன், சிலருக்கு அதோடு மதுவும். கறி சாப்பிடும் ஆசையில் தவறே இல்லை. அதை ஞாயிறு மதியத்துக்கு மாற்றிவையுங்கள். செரிக்கவும் நேரம் இருக்கும், பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடவும் நேரம் இருக்கும்.

## ராத்திரி ஷிப்ட்

உடம்புக் கடிகாரம் பகலுக்கென அமைந்தது. இரவில் இரைப்பை மெதுவாகக் காலியாகும். அதே சாப்பாட்டைப் பகலில் சாப்பிடுவதைவிட நடு இரவில் சாப்பிட்டால் ரத்தத்தில் சர்க்கரை அதிகமாக ஏறும்.

1. முக்கியச் சாப்பாட்டை ஷிப்டுக்குப் போகும் முன் ஏழு மணி வாக்கில் முடியுங்கள்.
2. நள்ளிரவிலிருந்து காலை ஐந்து வரை பெரிய சாப்பாடு வேண்டாம். ஒரு மணி வாக்கில் பழமோ சுண்டலோ மோரோ போதும்.
3. டீயை இரண்டு மணியோடு நிறுத்துங்கள். அதற்குப் பிறகு குடித்தது காலைத் தூக்கத்தைக் கெடுக்கும்.
4. வீட்டுக்கு வந்ததும் இரண்டு இட்லி அளவுக்கு லேசாகச் சாப்பிட்டுப் படுங்கள். வெறும் வயிற்றோடு படுத்தால் பதினோரு மணிக்குப் பசியே எழுப்பிவிடும்.

## சாப்பிட்டும் ரத்தம் ஏறவில்லையே?

தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு (2019–21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை என்கிறது. திருப்பூரின் மிஷின்களில் உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் இந்த வயதுப் பெண்கள். கீரை சாப்பிடுகிறார்கள், ராகி சாப்பிடுகிறார்கள். இரும்பு வாய்க்குள் போகிறது, ரத்தத்துக்குள் போவதில்லை.

இரும்புச்சத்து உறிஞ்சப்படுவது சிறுகுடலின் தொடக்கப் பகுதியில். கீரை, பருப்பு, சிறுதானியத்தில் உள்ள இரும்பை டீயில் உள்ள துவர்ப்புப் பொருள்கள் பிடித்துக்கொண்டு உறிஞ்சவிடாமல் செய்கின்றன. சாப்பாட்டோடு குடிக்கும் ஒரு டம்ளர் டீ அந்த இரும்பில் பாதிக்கு மேல் வீணாக்கிவிடும். வைட்டமின் சி இதற்கு நேர்மாறு: உறிஞ்சுவதைக் கூட்டும்.

1. சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ, காபி கூடாது. பதினோரு மணி டீயோடு நிறுத்திவிட்டால் மதியச் சாப்பாடு தப்பிக்கும்.
2. மதியச் சாப்பாட்டோடு நெல்லிக்காய் ஒன்று, கொய்யா பாதி, அல்லது கீரையில் பிழிந்த எலுமிச்சை சேருங்கள். எலுமிச்சையை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு பிழியுங்கள். கொதித்தால் வைட்டமின் சி குறையும்.
3. அசைவம் சாப்பிடுபவர்களுக்கு ஈரல், கறி, மீன் இவற்றின் இரும்பு எளிதில் சேரும். வாரம் ஒரு முறை ஈரல் வாங்கினால்கூடப் பலன் உண்டு.
4. மருத்துவர் கொடுத்த இரும்பு மாத்திரையை டீயோடும் பாலோடும் விழுங்காதீர்கள். மலம் கருப்பாகப் போவது மாத்திரையின் விளைவு. பயந்து நிறுத்த வேண்டாம்.

மாதவிடாயில் அதிக ரத்தப்போக்கு உள்ளவர்கள் உணவை மட்டும் நம்பி இருக்காமல் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

## வலி மாத்திரை: இங்கே கவனம் அதிகம் வேண்டும்

பன்னிரண்டு மணி நேரம் குனிந்து தைத்தால் முதுகு வலிக்கும், கழுத்து வலிக்கும், மாத வலியும் சேரும். மருந்துக்கடையில் கேட்டால் டைக்ளோஃபெனாக்கோ ஐபுபுரூஃபனோ கையில் வரும். இரைப்பைச் சுவரை அதன் அமிலத்திடமிருந்து காப்பது ஒரு சளிப்படலம். அதைச் சுரக்கவைக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளையே இந்த மாத்திரைகள் குறைக்கின்றன. வலி போகிறது, காவலும் போகிறது. தொடர்ந்தால் புண், புண்ணிலிருந்து ரத்தக் கசிவு.

2019 இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை தமிழ்நாட்டின் ஆயத்த ஆடைத் தொழிலில் உள்ள சுமார் 100 பெண்களிடம் பேசி ஒரு புலனாய்வை வெளியிட்டது. மாதவிடாய் வலிக்குப் பெயரோ காலாவதித் தேதியோ இல்லாத மாத்திரைகள் வேலை இடத்திலேயே கொடுக்கப்பட்டதாக அவர்கள் சொன்னார்கள்.

1. பெயர் தெரியாத மாத்திரையை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். அட்டையைக் கேளுங்கள், பெயரைப் போட்டோ எடுத்துவையுங்கள்.
2. வெறும் வயிற்றில் போடக் கூடாது. சாப்பிட்ட உடனே, ஒரு டம்ளர் தண்ணீரோடு, நிமிர்ந்து உட்கார்ந்து விழுங்குங்கள்.
3. மது குடித்த நாளில் எந்த வலி மாத்திரையும் வேண்டாம். பாராசிட்டமால் வயிற்றைப் புண்ணாக்குவது குறைவு. மதுவோடு சேர்ந்தால் கல்லீரலுக்கு ஆபத்து.
4. மாதாமாதம் வலி மாத்திரை இல்லாமல் முடியாது என்றாலோ, வாரத்தில் மூன்று நாள் தேவைப்படுகிறது என்றாலோ மருத்துவரைப் பாருங்கள்.

வழக்கமான தவறு: வயிற்றுப்புண் காரம் சாப்பிட்டதால்தான் வந்தது என்று மிளகாயை மட்டும் நிறுத்துவது. பெரும்பாலான புண்களுக்குக் காரணம் இந்த மாத்திரைகள் அல்லது ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி. அந்தக் கிருமியைக் கண்டறிந்த ஆஸ்திரேலிய மருத்துவர்கள் பேரி மார்ஷலுக்கும் ராபின் வாரனுக்கும் 2005 இல் நோபல் பரிசு கிடைத்தது. தகுந்த ஆன்டிபயாட்டிக் சிகிச்சையில் அது குணமாகும். ஆண்டுக்கணக்கில் ஜெலுசில் குடித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை.

## தண்ணீரும் கழிப்பறையும்

ஒரு நாளில் குடலுக்குள் வந்து சேரும் திரவம் 8, 9 லிட்டர். நாம் குடிப்பது அதில் 2 லிட்டர்தான். மற்றதெல்லாம் எச்சில், இரைப்பை நீர், பித்தம், கணைய நீர் என உடம்பே சுரப்பது. கிட்டத்தட்ட முழுவதையும் குடல் திரும்ப உறிஞ்சிவிடுகிறது; மலத்தோடு போவது 100, 200 மில்லிதான். மலம் எவ்வளவு நேரம் தங்குகிறதோ அவ்வளவுக்கு அது இறுகும்.

கழிப்பறை போக டோக்கன் கேட்க வேண்டும், போனால் லைன் நின்றுவிடும் என்று பல பெண்கள் தண்ணீரையே குறைத்துக்கொள்கிறார்கள். மலச்சிக்கல், மூலம், சிறுநீர்த் தொற்று மூன்றும் சேர்ந்து வர இதைவிடச் சுருக்கு வழி இல்லை. மேசையில் ஒரு லிட்டர் பாட்டில் வையுங்கள். மதியத்துக்குள் ஒன்று, ஷிப்ட் முடிவதற்குள் இன்னொன்று. மொத்தமாகக் குடிக்காமல் பண்டல் மாறும்போதெல்லாம் இரண்டு வாய் குடியுங்கள். கழிப்பறை நேரத்தைப் பற்றிப் பேசுவது கூச்சப்பட வேண்டிய விஷயமே அல்ல. நாலு பேராகச் சேர்ந்து சூப்பர்வைசரிடம் கேளுங்கள்.

## பேதி வந்தால்

லைன் வீடுகளில் சில நாட்களுக்கு ஒருமுறை வரும் தண்ணீரைக் குடத்திலும் டிரம்மிலும் பிடித்து வைக்கிறோம். அதில் கை விட்டு மொள்ளும்போதுதான் பிரச்சினை. கொதிக்கவைத்து ஆற்றி, குழாய் வைத்த பாத்திரத்திலிருந்து பிடியுங்கள். அப்படியும் பேதி வந்தால் குடிக்க வேண்டியது உப்புச் சர்க்கரைக் கரைசல்.

1971 இல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் பன்கான் அகதி முகாமில் காலரா பரவியது. ஊசி வழியே ஏற்றும் சலைன் தீர்ந்துபோனது. மருத்துவர் திலீப் மஹலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணீரை டிரம்களில் வைத்து, நோயாளிகளின் உறவினர்களையே கொடுக்கச் சொன்னார். 30 சதவீதம் வரை இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே வந்தது. குடல் சுவரில் குளுக்கோஸும் சோடியமும் ஒன்றாகச் சேர்ந்தே உள்ளே நுழையும். பின்னாலேயே தண்ணீரும் போகும். பேதியிலும் அந்த வாசல் மூடுவதில்லை.

1. ஓஆர்எஸ் பாக்கெட் வாங்குங்கள். எவ்வளவு தண்ணீர் என்று பாக்கெட்டில் படியுங்கள். பெரியதற்கு 1 லிட்டர், சிறியதற்கு 200 மில்லி.
2. கொதித்து ஆறிய தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் ஒரே தடவையில் கரையுங்கள்.
3. பாக்கெட் கிடைக்காவிட்டால் 1 லிட்டர் தண்ணீருக்குத் தட்டையாக 6 டீஸ்பூன் சர்க்கரை, தட்டையாக அரை டீஸ்பூன் உப்பு. உப்பு கூடவே கூடாது.
4. ஒவ்வொரு முறை போன பிறகும் 2 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மில்லி, அதற்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு 100 முதல் 200 மில்லி, பெரியவர்களுக்கு வேண்டிய மட்டும். வாந்தி இருந்தால் 10 நிமிடம் பொறுத்து ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள்.
5. 24 மணி நேரத்துக்கு மேல் வைத்ததைக் கொட்டிவிடுங்கள்.
6. பட்டினி போடாதீர்கள். கஞ்சி, இட்லி, தயிர்ச்சோறு கொடுங்கள், தாய்ப்பால் தொடரட்டும்.

குளிர்பானமும் டெட்ரா பாக்கெட் பழச்சாறும் இதற்கு மாற்றாகாது. சர்க்கரை அதிகமானால் பேதி கூடும். அத்தகைய பானங்கள் தங்கள் பெயரில் ஓஆர்எஸ் என்று போட்டுக்கொள்வதை உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் தடை செய்தது.

## வீட்டு வைத்தியத்தை நிறுத்த வேண்டிய இடம்

இவற்றில் ஒன்று இருந்தாலும் ஷிப்ட் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்:

- இரும்பு மாத்திரை எடுக்காதபோது தார்போலக் கருத்த மலம், ரத்த வாந்தி, காபித்தூள் நிறத்தில் வாந்தி.
- தொப்புளைச் சுற்றித் தொடங்கி வலது அடிவயிற்றுக்கு இறங்கும் வலி, கூடவே காய்ச்சல்.
- விழுங்கும்போது அடைப்பது. காரணமில்லாமல் எடை குறைவது.
- பேதியில் சிறுநீர் நின்றுபோவது, குழந்தை துவண்டு கண் குழிவிழுவது.
- நெஞ்சில் அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, வியர்வை, மூச்சுத் திணறல்.

கடைசியாகச் சொன்னதைக் "கேஸ்" என்று நினைத்துச் சோடா குடித்துக் காத்திருந்து உயிரை இழந்தவர்கள் உண்டு. பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் மாரடைப்பு வயிற்று எரிச்சலாகவோ குமட்டலாகவோ மட்டும் வரலாம். 108 ஐக் கூப்பிடுங்கள். டூவீலரில் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போகாதீர்கள்.

அவசரமில்லாத நாளில் மருத்துவரைப் பார்க்கப் போகும்போது இஎஸ்ஐ அட்டையோடு ஒரு துண்டுச் சீட்டும் எடுத்துப்போங்கள். கடந்த ஒரு வாரம் சாப்பிட்ட நேரங்கள், ஷிப்ட் நேரம், போட்ட மாத்திரைகளின் பெயர், எரிச்சல் சாப்பிடும் முன்பா பின்பா, மலத்தின் நிறம். இந்த ஐந்தும் எழுதியிருந்தால் இரண்டு நிமிடத்தில் அவருக்குப் புரியும். ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்து உங்கள் பக்கத்து மிஷினில் உட்கார்ந்திருப்பவருக்கு மொழி தெரியாவிட்டால், அந்தச் சீட்டை நீங்களே தமிழில் எழுதிக் கொடுத்து அனுப்புங்கள்.